சரிவு விழுந்ததா, இல்லையா?

பல்கித்துக்குத் தலை சுற்றியது. அடுப்படியில் ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள்.

"ராத்திரி என் காதால கேட்டேன், டம்முனு ஒரு சத்தம். ஓடையில பனிச்சரிவு விழுந்தாச்சு," என்றார் பக்கத்து வீட்டு சோனம் மாமா. "வருஷத்துக்கு ஒரு தடவைதான் விழும். இனி தைரியமா தாண்டலாம்."

"அது ஆத்துக்கு அந்தப் பக்க மலையில," என்றாள் அம்மா. "கம்பளிக்குள்ள படுத்துக்கிட்டு கேட்டா உங்களுக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணுதான்."

அப்பா நோர்பூ இருவரையும் கண்டுகொள்ளாமல் பூட்ஸ் கயிற்றைக் கட்டினார்.

"புது வருஷத்தன்னைக்கு உச்சிவெயிலுக்கு முன்னாடி அண்ணனுக்கு முளைப்பயிர் குடுத்து வாழ்த்தாம இருந்திருக்கேனா? கிளம்பிட்டேன்னு போன்ல வேற சொல்லிட்டேன்," என்றார்.

வெயிலாவது, உச்சியாவது. நாலு நாளாகப் பனிப்புயல். ஜன்னலுக்கு வெளியே மாட்டுக்கொட்டகையே தெரியவில்லை. அதற்கும் அப்பால் ஓடை. அதைத் தாண்டினால்தான் பெரியப்பா வீடு.

மாமா பேசும்போது மாமா சொல்வது சரியென்று பட்டது. அம்மா பேசும்போது அம்மா சொல்வது சரியென்று பட்டது. யாரை நம்புவது? சரிவு இன்னும் விழாமல் இருந்தால், அப்பா நடக்கும்போது அது அவர் தலைமேல் விழும்.

"டீயாவது குடிச்சிட்டுப் போங்கப்பா," என்று கெட்டிலை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த குழாய்க்குப் போனாள். உறைந்துவிடாமல் இருக்க, குளிர்காலம் முழுக்க அதை ஒழுகவிட்டிருப்பார்கள்.

கெட்டில் நிரம்பி வழிந்தது. பல்கித் அசையவில்லை.

"பொண்ணு நின்னுக்கிட்டே தூங்குது பாரு," என்றார் மாமா.

"மாமா, இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது?"

"இது தெரியாதா? ஓடைக்கு அந்தப் பக்க ஊத்துல இருந்து."

"அப்போ பைப் ஓடைக்குக் குறுக்கால வருது. வருஷா வருஷம் சரிவு விழுந்ததும் அதை அடிச்சிட்டுப் போயிடும். நாம பனியை உருக்கிக் குடிப்போம்." அவள் குழாயைக் காட்டினாள். "தண்ணி வருதே."

மாமா எட்டிக் குழாயைப் பார்த்தார்.

"இந்த வருஷம் பைப் தப்பிச்சிருக்கும்," என்றார் அப்பா, கொஞ்சம் இழுத்தாற்போல.

"என்னைக்காவது தப்பிச்சிருக்காப்பா?"

அப்பா முளைப்பயிர்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்தபடி உட்கார்ந்தார். பூட்ஸை மட்டும் கழற்றவில்லை. அம்மா உப்பு டீயில் வெண்ணெயைப் போட்டாள்.

அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் தரை அதிர்ந்தது. அலமாரிக் கிண்ணங்கள் கிணுகிணுத்தன. ஓடைப் பக்கமிருந்து ஒரு பெரிய இரைச்சல் எழுந்து, வெகுநேரம் கழித்து அடங்கியது. குழாய் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

"விழும்னு நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் மாமா, மெல்லிய குரலில்.

அம்மாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. கரண்டியும் கையுமாக அப்பாவிடம் ஆரம்பித்தாள்.

நடுவில் போன் அடித்தது. பல்கித் எடுத்தாள்.

"நோர்பூ கிளம்பி எவ்வளவு நேரமாச்சு?" பெரியப்பாவின் குரல் நடுங்கியது. "சொல்லும்மா, அவன் எங்க?"

"இங்கதான் பெரியப்பா. அம்மாகிட்ட திட்டு வாங்கிட்டிருக்கார்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நல்லா திட்டச் சொல்லு," என்றார் பெரியப்பா. "என் பங்கையும் சேர்த்து."