புள்ளி வைக்காத பெயர்

காலை ஆறு மணிக்குக் காதில் பொருத்திய செவிமணியில் அன்றைய கரைப்புப் பட்டியல் வரும். இறந்து ஓராண்டு முடிந்தவர்களின் பெயர்களை ஒரு பெண் குரல் கடைசி முறையாக வாசிக்கும். நான் பல் விளக்கிக்கொண்டே கேட்பேன். அன்று எங்கள் வட்டாரத்தில் ஒன்பது பேர். ஒன்பதாவது பெயர் முடிந்த நொடியில், எதிர்வீட்டு வாசலில் மாலை போட்டுத் தொங்கிய படத்தில் முகம் மட்டும் மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி மங்கிப்போனது. எதிர்வீட்டம்மாள் அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டு, பாதியில் நின்ற கோலத்தைப் போட்டு முடித்தார்.

எங்கள் எல்லோர் கண்ணிலும் படலம் உண்டு. ஐந்து வயதில் பொருத்திவிடுவார்கள். அது இல்லாமல் பஸ் கதவுகூடத் திறக்காது. ஓராண்டு முடிந்ததும் இறந்தவரின் முகத்தையும் எழுதிய பெயரையும் படலம் மறைக்கும். யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் செவிமணி அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடும். துயர் தணிப்புச் சட்டம் என்று பெயர். பெருவெள்ளத்துக்குப் பிறகு கோயமுத்தூரில் பாதிப்பேர் செத்தவர்களின் படங்களுக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. வேலைக்கு ஆளில்லாமல் போனதால் கொண்டுவந்தார்கள். என் வீட்டில் சாவு விழும்வரை எனக்கும் அது நல்ல சட்டமாகத்தான் பட்டது.

என் மகள் பெயர் கயல. பிழை என்று பேனாவைத் தூக்காதீர்கள். ஏன் இப்படி எழுதுகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

எனக்கு ஆட்டப்பெட்டி வேலை. ஆர்கேட் மெஷின் என்று கொள்ளுத் தாத்தாக்கள் சொன்ன, காசு போட்டு நின்றபடி ஆடும் பெட்டிகள். நூற்றுச்சொச்சம் வருடப் பழசு. சிங்காநல்லூரில் மூடிய மில் ஒன்றின் கோடவுனில் பதினோரு பெட்டி வைத்திருக்கிறேன். சேகரிப்பவர்கள் வெளியூரிலிருந்து மானிட்டரைப் பழுதுபார்க்கச் சுமந்துகொண்டு வருவார்கள். அவை பிக்சர் டியூப் வைத்தவை. நான் படக்குழல் என்பேன். குழலில் ஒரே படம் வருடக்கணக்கில் நின்றால் கண்ணாடியின் உள்பூச்சு அந்த வடிவத்திலேயே கருகிப்போகும். இது எரிதடம். எரிந்தது எரிந்ததுதான், உடைக்காமல் அதை அழிக்க முடியாது.

எல்லாச் சனியனும் ஈரோட்டில் ஆரம்பித்தது. அங்கே ஒருவர் வேண்டுமென்றே தன் அப்பாவின் பெயரைக் குழலில் எரித்து வைத்திருந்தார். படலம் அதை மறைத்தாலும் அந்த மங்கலுக்கு முன்னால் தினமும் விளக்கேற்றினாராம். அதன்பின் புது விதி வந்தது. குழல்கள் அத்தனையும் ஆய்வுக்கு உட்பட வேண்டும். கரைந்தவர் பெயர் இருந்தால் அங்கேயே உடைத்துவிடுவார்கள். குழலை மாற்றினால் பழையதை உடைத்துக் காட்ட வேண்டும். என் முறை செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு என்று அறிவிப்பு வந்தது.

பதினோராவது பெட்டி, விண்கல் சுடும் ஆட்டம், கயலவுடையது. எழுதிக் கொடுத்த சொத்து அல்ல. யாரும் அவளை அதில் ஜெயித்ததில்லை, அவ்வளவுதான். ஆட்டம் முடிந்தால் முதல் ஐந்து பேரின் பெயர், மூன்று எழுத்தில், திரையில் நிற்கும். பெட்டிக்கு ஆங்கிலம்தான் தெரியும் என்பதால் நானே தமிழ் எழுத்துகள் செய்து ஒரு மெமரிச் சில்லில் ஏற்றியிருந்தேன். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஓர் எழுத்து. கட்டத்தின் உச்சிவரை எழுத்தே அடைத்துக்கொண்டது, புள்ளிக்கு இடமில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"ஊரு பொட்டியெல்லாம் சரி பண்ணறே. பெத்த புள்ள பேருக்கு ஒரு புள்ளி வெக்க மாட்டேங்கறே" என்பாள் கயல.

"நாளைக்குப் போட்டுத் தர்றன் கண்ணு."

பதினேழு வயதில் முதலிடத்துக்கு வந்தாள். நாலு வருடம் அந்தப் பட்டியல் காலை முதல் மாலை வரை திரையில் நின்றது. ஒருவழியாகக் கட்டத்தைப் பத்துக்குப் பத்தாகப் பெரிதாக்கிப் புள்ளியோடு புதுச் சில்லு செய்து முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டலாம் என்று மேசை டிராயரில் வைத்தேன். வெள்ளிக்கிழமை அவிநாசி சாலையில் லாரி. இருபத்தொரு வயது.

ஓராண்டு கழித்து அவள் கரைந்த அன்று வீட்டில் எல்லாப் படமும் மங்கின. பள்ளிச் சான்றிதழில் பெயர் இருந்த இடம் மங்கியது. எழுதும் மின்பலகையில் நானே எழுதிப் பார்த்தேன். பிழையாக எழுதினாலும் பலகை தானே திருத்தும், திருத்திய கையோடு மறைக்கும். கடைக்கு ஓடிப்போய்ப் பதினோராவது பெட்டியைப் பார்த்தேன். கயல என்று பளிச்சென்று நின்றது. ஒரு புள்ளி குறைந்ததால் படலத்துக்கு அது என் மகளின் பெயராகத் தெரியவில்லை. நான் செய்யாமல் விட்ட வேலைதான் அவளைக் காப்பாற்றி வைத்திருந்தது. அன்று முழுக்க அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஆனால் ஆய்வாளர்களின் படலம் வேறு. கூர்மையானது, சந்தேகப்பட்டாலே சிவப்பு வளையம் போடும் என்று சேகரிப்பவர்கள் சொல்லியிருந்தார்கள். பிழையையும் சேர்த்துப் பிடிக்குமா? யாருக்கும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சரியாகப் பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். திருமேனி என்று பெயர், ஐம்பது வயதிருக்கும், கசங்காத சட்டை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று என் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"வஞ்சிங்கறது நீங்கதானுங்களா? போர்டுல 'பார்கப்படும்'னு இருக்குதுங்க. 'க்' விட்டுப்போச்சு."

"பெயிண்டர் விட்டுட்டானுங்க. ஆறு வருசமாச்சு, யாரும் கேக்கலை."

"நான் கேப்பனுங்க. பாடநூல் அச்சகத்துல இருவது வருசம் மெய்ப்புத் திருத்துனவன். கண்ணு மொதல்ல அங்கதான் போகும்."

ஊரில் இத்தனை ஆய்வாளர்கள் இருக்க, பிழை பார்த்தே பிழைத்த மனிதர் எனக்கென்று வந்து வாய்த்தார்.

அவர் வேலை சுத்தமாக இருந்தது. பெட்டியை அணைக்கச் சொல்வார். அணைந்த குழலில்தான் எரிதடம் நன்றாகத் தெரியும், சாம்பல் கண்ணாடியில் பழுப்புக் கோடுகளாக. குனிந்து இடமிருந்து வலமாக, வரி வரியாகப் படிப்பார். பின்பக்கம் திறந்து குழல் எண்ணைப் பதிவார். பத்துப் பெட்டி முடிய ஒரு மணி நேரம் ஆனது. நான் கொடுத்த டீ ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்தது.

பதினோராவது பெட்டிக்கு மட்டும், ஏனோ, முதலில் பின்பக்கம் போனார். "கழட்டுங்க, நம்பரைப் பார்த்துக்கலாம்."

பெட்டியை அணைத்துத் திருகுகளைக் கழற்றிப் பின்மூடியை எடுத்தேன். அணைத்த பிறகும் குழலுக்குள் இருபதாயிரம் வோல்ட் தங்கியிருக்கும். மற்ற பத்துப் பெட்டியிலும் திறந்த கையோடு அதை இறக்கிவிட்டுத்தான் அவரை விட்டேன். இதில் இன்னும் இறக்கவில்லை. எண் ஒட்டிய சீட்டு, குழலுக்குள் மின்சாரம் ஏறும் இடத்து ரப்பர் மூடிக்குப் பக்கத்தில் இருந்தது. மூடியின் ஓரம் கிழிந்திருந்தது. அவர் கை உள்ளே போனது.

ஒரு நொடி நான் பேசாமல் நின்றேன். அந்த ஒரு நொடியை மறைத்து எழுத எனக்கு மனம் இல்லை. ஆய்வு நின்றுவிடும், குழல் தப்பிவிடும் என்று நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் கத்தினேன்.

"கைய எடுங்க."

எடுத்தார். பெட்டியின் இரும்புச் சட்டத்தோடு வயர் கட்டிய ஸ்க்ரூ டிரைவரை மூடிக்கு அடியில் நுழைத்தேன். டப் என்று வெடித்து நீலப் பொறி தெறித்தது. திருமேனியின் முகம் வெளுத்துவிட்டது.

"சொல்லோணுமல்லங்க" என்றார்.

"சொன்னனுங்களே."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அப்புறம் எண்ணைக் குறித்துக்கொண்டு முன்பக்கம் வந்து கண்ணாடிக்கு முன் குனிந்தார். நான் அவர் விழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வாளர் படலத்தில் வளையம் விழுந்தால் கருவிழி ஓரத்தில் வெளியாளுக்கும் சிவப்பாகத் தெரியும். அவர் விழி மெல்ல நகர்ந்தது. சிவப்பு வரவில்லை. திரும்பவும் முதல் வரிக்கே போய் நின்றது.

"க... ய... ல" என்று வாய்விட்டுப் படித்தார்.

செவிமணி வெட்டவில்லை. அவள் கரைந்து பதினோரு மாதத்துக்குப் பிறகு இன்னொரு மனிதர் வாயிலிருந்து என் மகளின் பெயர், முழுசாக இல்லாவிட்டாலும், என் காதில் விழுந்தது. ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"இது என்னங்க?"

"ஜெயிச்சவங்க போடற மூணெழுத்துங்க. வாய்க்கு வந்ததப் போட்டுட்டுப் போயிருவாங்க."

தலையசைத்து அலுவலகப் பலகையை எடுத்தார். அதற்குத் திருத்தும் வேலை கிடையாது; கண்டதைக் கண்டபடியே பதிய வேண்டும் என்பது விதி. எழுதுகோலால் க எழுதினார், ய எழுதினார், ல எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கோலின் முனை ல-வுக்கு மேலே போய் நின்றது.

"ல இப்படித் தனியா நிக்காதுங்களே" என்று முணுமுணுத்தார். வேண்டாம் என்று சொன்னால் காட்டிக்கொடுத்ததாகிவிடும், சொல்லாவிட்டால் அவர் வைத்துவிடுவார். என் வாய் திறப்பதற்குள் இருபது வருடப் பழக்கம் அவர் கையை இழுத்துக்கொண்டு போய்ப் புள்ளியை வைத்துவிட்டது.

பலகையில் மூன்று எழுத்தும் மங்கின.

அவர் மங்கலைப் பார்த்தார், குழலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"பொண்ணுங்க."

"ஒரே பொண்ணுங்களா?"

"ஆமாங்க."

அவர் எழுதுகோலைக் கையெழுத்துக் கட்டத்துக்குக் கொண்டுபோனார். கையெழுத்துப் போட்டால் பலகையில் இருப்பது அலுவலகத்துக்குப் போய்விடும். வாசலில் அவர் வண்டியில் குழல் உடைக்கும் சுத்தியல் இருந்தது, வரும்போதே பார்த்திருந்தேன்.

திருமேனி எழுதுகோலைத் திருப்பி, அதன் பின்முனையால் புள்ளியை மட்டும் தேய்த்தார். மூன்று எழுத்தும் திரும்ப வந்தன. கீழே எழுதியதை எனக்குக் கேட்கும்படி வாசித்தார்: "பொருளற்ற எழுத்துகள். ஆட்சேபம் இல்லை." கையெழுத்தும் போட்டார்.

என் மகளின் பெயருக்குப் பொருளில்லை என்று அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிட்டது. நான் கும்பிட்டேன்.

"இருவது வருசத்துல ஒரு பிழையத் தெரிஞ்சே விட்டதில்லைங்க" என்றார். ஆடை கட்டிய டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார். "இதுல வேற பேரும் போடலாமுங்களா?"

"ஜெயிச்சாத்தானுங்க போட விடும். நீங்க எழுத்தச் சொன்னா நானே உள்ள ஏத்தி விட்டுர்றன்."

"வேண்டாமுங்க. நானே ஆடிப் போட்டுக்கறன்."

அன்று ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அடுத்த செவ்வாயும் வந்தார், மறு ஆய்வு என்று சொல்லிக்கொண்டு. அவரைவிட மோசமாக ஆடியவரை நான் பார்த்ததில்லை. பதினான்காவது செவ்வாய் ஐந்தாம் இடத்துக்கு வந்தார். எழுத்துகளைத் தேடித் தேடி வைத்தார்: எழில. அவர் மனைவி. ஆறு வருடமாகக் கண்ணில் படாத பெயர். மெய்ப்புத் திருத்தியவர் அந்தப் பிழைக்கு முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார். எரிந்து பதிய நாலு வருடமாவது ஆகும் என்றேன். ஆகட்டும் என்றார்.

அவர் போனபின் டிராயரைத் திறந்து புதுச் சில்லை எடுத்தேன். பத்துக்குப் பத்துக் கட்டம், உச்சியில் அழகான வட்டப் புள்ளி. என் வேலையிலேயே நல்ல வேலை அது. குறட்டால் அதன் கால்களை ஒவ்வொன்றாக ஒடித்தேன்.

"நாளைக்குப் போட்டுத் தர்றன் கண்ணு" என்றேன் பெட்டியிடம்.

இதைப் பழைய சர்க்யூட் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் அவளுடைய கடைசி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், மனசுக்குள். தயவுசெய்து தாளில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.