தாளத்துக்கு வைத்த பூ

ஹிதாயா ஒரு வாரமாகவே ஒரு முடிவோடு இருந்தாள். சனிக்கிழமைக் கச்சேரியில் சல்ஹா அத்தைக்குப் பூ கொடுக்க வேண்டும்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எதையுமே சட்டென்று சொல்லிவிடுகிற பெண் அல்ல அவள். பக்கத்து வீட்டில் சல்ஹா அத்தை மத்தளம் பழகும்போது, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சுவரில் முதுகைச் சாய்த்துப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். வாசிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் எழ மாட்டாள்.

கடலோர டாங்கா நகரின் சமூகக் கூடத்து முற்றத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை பெண்களின் கலைவிழா நடக்கும். பாடுவதும் வாசிப்பதும் பெண்கள். சுவரெல்லாம் மாட்டியிருக்கும் ஓவியங்களும் பெண்கள் வரைந்தவை. எப்போதும் பாடகியின் பெயர்தான் வாசலில் பெரிதாகத் தொங்கும். இந்த மாதம் முதல் முறையாக மத்தளக்காரியின் பெயர்! இடைவேளைக்குப் பிறகு, பாட்டே இல்லாமல், சல்ஹா அத்தை தனியாக வாசிக்கப் போகிறார்.

ஒரே ஒரு சங்கடம். போன வாரம்தான் அம்மாவுக்கும் அத்தைக்கும் சந்தில் பெரிய சண்டை.

"உன் சத்தத்துல என் கைக்குழந்தை கண்ணையே மூட மாட்டேங்குதுடி!" என்றாள் அம்மா.

"அப்படின்னா குழந்தையைத் தூக்கிட்டுப் போய்ப் படகுல தூங்க வை!" என்றார் அத்தை.

சந்தே வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

சனிக்கிழமை முற்றம் நிரம்பி வழிந்தது. பெண்கள் இடுப்பிலும் தோளிலும் சுற்றியிருந்த, கண்ணைப் பறிக்கும் கங்கா துணிகள், மல்லிகை வாசனை, இஞ்சி போட்ட காப்பியின் ஆவி. பாடகி சௌதா பாடத் தொடங்கினார். பிடித்த வரி வந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஆடிக்கொண்டே மேடைக்குப் போய்ப் பூவோ பணமோ கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஹிதாயா சல்ஹா அத்தையின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் ஓடின, துள்ளின, பேசின. திடீரென்று இரண்டு கைகளும் அந்தரத்தில் நின்றன. ஒரு மூச்சு நேரம் மத்தளத்தில் சத்தமே இல்லை. ஹிதாயாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதுதான் நேரம்! எழுந்தாள். நேராக மேடைக்குப் போய்த் தன் மல்லிகைச் சரத்தை அத்தையின் மடியில் வைத்தாள்.

முற்றம் முழுக்க ஒரே கூச்சல். "அடி சக்கை!" "பிள்ளைகிட்ட குடுத்தனுப்பிட்டா பாரு!" "வெச்சா பாரு சரியான இடத்துல!"

சல்ஹா அத்தையின் முகம் கறுத்தது. பூவைத் தரையில் வைத்துவிட்டு, பாட்டு முடியும்வரை தலை நிமிராமல் வாசித்தார்.

ஹிதாயாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"என்னடி காரியம் பண்ணிட்டே? எந்த வரியில எழுந்து போறோமோ, அது நாம சொல்ற வார்த்தைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா? சௌதா என்ன பாடினா? 'ஓயாம சத்தம் போடுற பக்கத்து வீட்டுக்காரியே, உன்னால என் தூக்கம் போச்சு!' அந்த வரியில எழுந்து, அவ மடியிலேயே பூ வெச்சிருக்கே! நான்தான் அனுப்பினேன்னு ஊரே நினைக்குது. சத்தியமா நான் அவ்வளவு மோசமில்லடி!"

ஹிதாயாவுக்குக் காதெல்லாம் சூடாகியது. அந்த வரி அவள் காதில் விழவே இல்லை.

இடைவேளை வந்தது. சல்ஹா அத்தை மத்தளத்தை உறையில் போட்டார். கறுப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டு கூடத்தின் பின்கட்டுக்கு நடந்தார்.

"சல்ஹா, உன் வாசிப்பு பாக்கி இருக்கே!" என்று சௌதா பின்னாலேயே ஓடினார்.

"எதுக்கு? சத்தம் போடவா? யாரோ தூங்கணுமாம், விட்டுடு" என்றார் அத்தை.

சௌதா கையைப் பிசைந்துகொண்டு திரும்பினார். ஹிதாயா மெல்லப் போய் அத்தைக்கு எதிரே நின்றாள்.

"உங்கம்மா சொல்லிக் குடுத்தாளா?"

ஹிதாயா தலையை ஆட்டி மறுத்தாள்.

"பின்னே ஏன் அந்த வரியில எழுந்தே?"

"நான் வரியைக் கேக்கல, அத்தை."

"முற்றம் பூரா கேட்டுது. உனக்கு மட்டும் கேக்கலையா? போடி, போ."

இதற்குமேல் என்ன சொன்னாலும் நம்ப மாட்டார் என்று ஹிதாயாவுக்குத் தெரிந்தது. மூலையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி இருந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு, முன்னால் உட்கார்ந்து தட்டத் தொடங்கினாள்.

தும் தும் தக்க... தும் தக்க தும்...

விரல்கள் தடுமாறின. ஆனாலும் விடாமல் தட்டினாள். அந்த இடம் வந்ததும் இரண்டு கைகளையும் தூக்கி அந்தரத்தில் நிறுத்தினாள். ஒரு மூச்சு நேரம். பிறகு மறுபடியும் தும்!

"இந்த இடத்துலதான் அத்தை எழுந்தேன்," என்றாள். "நீங்க நிறுத்தினீங்க இல்லையா, அது ரொம்ப அழகா இருந்துச்சு. அதுக்குத்தான் பூ."

சல்ஹா அத்தை அவளையே பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார்.

"யாருடி உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?"

"சுவரு."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து மேலங்கி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பல வருஷமா அந்த இடத்துல கையை நிறுத்தறேன். எல்லாரும் பாட்டுக்காரி வாயைத்தான் பார்ப்பாங்க. ஒருத்தராவது கவனிச்சாங்களான்னு நினைச்சதுண்டு." பிறகு சந்தேகமாகக் கேட்டார். "நிஜமாவே பாட்டு எதைப் பத்தின்னு தெரியாதா?"

ஹிதாயா யோசித்தாள். "மீனைப் பத்தியா?"

"மீனா! சௌதா காதுல விழுந்தா மயங்கி விழுந்துடுவா!"

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல் கேட்டது. அம்மாவின் தும்மல்தான். அத்தை எழுந்து பார்ப்பதற்குள் அம்மா முற்றத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

சல்ஹா அத்தை மேலங்கியைக் கழற்றினார். மத்தளத்தை உறையிலிருந்து எடுத்தார்.

மேடையில் அவர் தனியாக உட்கார்ந்தபோது முற்றத்தில் கிசுகிசுப்பு இன்னும் அடங்கவில்லை. முதல் தட்டிலேயே அடங்கியது. மழை தொடங்குவதுபோல மெதுவாக வந்தது தாளம். கூரையெல்லாம் அதிரும்படி வளர்ந்தது. காப்பி ஊற்றுகிறவள் கோப்பை வழிவதைக்கூடப் பார்க்கவில்லை. சௌதா வாயைத் திறந்தபடி ஓரமாக நின்றார்.

அப்போது அம்மா எழுந்தாள். இடுப்பில் கைக்குழந்தையோடு, தோளை மெல்ல ஆட்டியபடி மேடைக்கு நடந்தாள். தன் தலையிலிருந்த மல்லிகையை எடுத்து அத்தையின் மடியில் வைத்தாள்.

எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். எந்த வரிக்கு எழுந்தாள்? யாரைக் குத்துகிறாள்? ஆனால் அங்கே வரியே இல்லை. மத்தளம் மட்டும்தான் இருந்தது.

அத்தை வாசிப்பை நிறுத்தாமலே அம்மாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அம்மா சிரித்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் பாதிப் பேர் பூவோடு வரிசையில் நின்றார்கள்.

ஹிதாயா மட்டும் எழவில்லை. கன்னத்தில் கைவைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்க வேண்டியிருந்தது.