0.6 மில்லிமீட்டர் மழை

பிற்பகல் 2.49. ரெட்டியபட்டியிலிருந்து பந்தல்குடி போகும் சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடப்பதாக 108-க்கு போன் போனது.

3.14-க்கு ஆம்புலன்ஸ் வந்தது. கிடந்தவர் சங்கையா. ஐம்பத்தெட்டு வயது. சோலார் பேனல் துடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். வலது தொடையிலிருந்து ரத்தம் வடிந்து வேட்டி காய்ந்து விறைத்திருந்தது. அருப்புக்கோட்டைக்குள் வண்டி நுழைவதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

“அரை மணி நேரம் முந்திக் கொண்டாந்திருந்தா பிழைச்சிருப்பாரு” என்றார் டாக்டர்.

போன் செய்தவர் நவநீதகிருஷ்ணன். அருப்புக்கோட்டையில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். பந்தல்குடி பக்கமிருந்து ரெட்டியபட்டிக்குக் காரில் வந்துகொண்டிருந்ததாகவும், முன்னால் போன ஜல்லி லாரி ஒன்று சங்கையாவின் சைக்கிளை இடித்துவிட்டு நிற்காமல் போனதாகவும் சொன்னார். சங்கையா மேல் ஏறிவிடாமல் காரை ஒடித்ததில், கீழே கிடந்த சைக்கிள் மீது ஏறி முன் பம்பரும் இடது விளக்கும் உடைந்தனவாம். இவ்வளவு நஷ்டத்திலும் இறங்கி உதவினாரே என்று ஊரார் மெச்சினார்கள்.

மாலை ஐந்து மணிக்குள் லாரி சிக்கியது. டிரைவர் இம்மானுவேல். சட்டைப் பையில் பந்தல்குடி எடைமேடைச் சீட்டு இருந்தது: நேரம் 2.10. அங்கிருந்து அந்த இடத்துக்கு அரை மணிப் பயணம். 2.40 வாக்கில் விபத்து என்று நவநீதகிருஷ்ணன் சொன்னதோடு கணக்கு சரியாகப் பொருந்தியது. “நான் யாரையும் இடிக்கல மேடம், அந்த ரோட்டுல ஒரு ஆளையும் பாக்கல” என்று அவன் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ரிமாண்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சப் இன்ஸ்பெக்டர் துர்காதேவிக்குத் திருவிழா பந்தோபஸ்தில் பதினோரு நாளாக லீவு கிடையாது. கால் வீங்கி ஷூ கடித்தது. ஒரு கேஸாவது சுலபமாக முடிந்ததே என்றுதான் அன்று அவர் நினைத்தார்.

நான்காம் நாள் காலை 11.20. அருஞ்சுனை லேப்டாப்பும் கையுமாக ஸ்டேஷனுக்கு வந்தார். டவுனில் இன்வெர்ட்டர், கேமரா மாட்டிக் கொடுப்பவர். விபத்து நடந்த இடத்தை ஒட்டி அவருக்கு மூன்று ஏக்கர் பருத்திக்காடு.

“என்ன அண்ணாச்சி, காட்டுல மோட்டார் திருடு போயிருச்சா?”

“இல்ல மேடம். போன வியாழக்கிழமை என் காட்டுல மழை பெஞ்சிருக்கு.”

துர்காதேவி பேனாவைக் கீழே வைத்தார். சித்திரை மாதம். நாலு மாதமாக ஒரு தூறல் கிடையாது. “வெயில்ல வந்திருக்கீக. முதல்ல தண்ணி குடிங்க.”

“குடிக்கேன். நீங்க இதைப் பாருங்க.”

அருஞ்சுனையின் வேலி ஓரம் இரும்புக் கம்பத்தில் ஒரு மழைமானி இருந்தது. உள்ளே சின்னத் தொட்டி. நீர் நிறைந்தால் ஒரு பக்கம் சாயும். ஒரு சாய்வுக்கு 0.3 மில்லிமீட்டர் மழை என்று கணக்கு. அரை நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்கை ரேடியோ அலையில் அனுப்பும். நாற்பதடி தள்ளி மோட்டார் ரூமில், பென்டிரைவ் அளவே இருக்கும் மலிவான ரேடியோ ஒன்று அதை வாங்கும். காற்றில் வரும் துடிப்புகளை எண்களாகப் பிரிக்கும் வேலையை, கூடவே இருக்கும் சிறு கம்ப்யூட்டர் செய்யும். எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதியும் வைக்கும்.

திரையில் வியாழக்கிழமை, 2.11-க்கு முன்னால்: மழை 0. அடுத்த வரி: மழை 0.6.

“காக்கா உக்காந்திருக்கும்.”

“உக்கார முடியாதபடி மேல முள்ளுக்கம்பி வச்சிருக்கேன். மிஷின் கெட்டுப்போச்சுன்னு நேத்து கழட்டப் போனேன். கம்பம் சாஞ்சு நிக்கி. அதுல பச்சை பெயின்ட் உரசியிருக்கு. கீழ கருவேலம் புதருக்குள்ள மண்ணு கருப்பா, கெட்டியாக் கிடக்கு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஈ மொய்க்குது மேடம்.”

சங்கையாவின் சைக்கிள் பச்சை நிறம். ஸ்டேஷன் வாசலில் நசுங்கிக் கிடந்தது.

12.30-க்கு துர்காதேவி அந்தப் புதர் முன் குனிந்து நின்றார். விபத்தன்று சங்கையா கிடந்தது தார்ச்சாலை ஓரத்தில். இந்த இடம் பத்தடி உள்ளே. சாலையில் நின்று பார்த்தால் முள்ளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மண்ணை எடுத்துப் பையில் கட்டும்படி ஏட்டு வெள்ளத்துரையிடம் சொல்லிவிட்டு, கம்பத்தின் நிழலில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. அன்று இந்தப் பத்தடி நடந்திருந்தால் போதும். கால் வலித்தது, நடக்கவில்லை.

“2.11-க்கு சைக்கிள் தூக்கி எறியப்பட்டு இந்தக் கம்பத்துல மோதியிருக்கு. அந்தக் குலுக்கல்லதான் உங்க தொட்டி ரெண்டு தடவை ஆடியிருக்கு” என்றார் மெதுவாக.

“அதேதான் மேடம்.”

“2.10-க்கு இம்மானுவேல் பந்தல்குடியில எடை போட்டுக்கிட்டு இருந்திருக்கான்.”

அவனுக்கு எதிராக வைத்த சீட்டு இப்போது அவனுக்குச் சாட்சியாக நின்றது. அப்படியானால் இடித்தது யார்?

அருஞ்சுனை லேப்டாப்பைத் திருப்பினார். “இன்னொண்ணும் இருக்கு. இப்ப வார புதுக் கார்கள்ல சிலதுக்கு டயருக்கு ஒரு சென்சார் இருக்கும். காத்து எவ்வளவு இருக்குன்னு டிரைவருக்குக் காட்ட அதுவும் ரேடியோவுல பேசும். என் மழைமானி பேசுற அதே அலைதான். ரோட்டுல போற காரெல்லாம் என் லிஸ்ட்ல விழுந்துரும். எனக்கு அது குப்பை. ஆனா ஒவ்வொரு சென்சாருக்கும் தனி நம்பர்.”

2.11-க்கு நான்கு நம்பர்கள் இருந்தன. துர்காதேவி விரலால் திரையைக் கீழே தள்ளினார். 2.20, 2.30 நேரங்களில் ஒன்றும் இல்லை. பிறகு அவர் விரல் நின்றது. 2.42. அதே நான்கு நம்பர்கள்.

2.42-க்கு அந்த இடத்துக்கு வந்து நின்ற கார் எது என்று ஊருக்கே தெரியும்.

மாலை 4.05. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்ததால் நவநீதகிருஷ்ணன் காரிலேயே வந்தார். பம்பரும் விளக்கும் இன்னும் மாற்றவில்லை. கார் ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் நுழைந்தபோது அருஞ்சுனை அந்தச் சிறு ரேடியோவை லேப்டாப்பில் செருகிக்கொண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு நம்பர் விழுந்தது. பிறகு இரண்டு. நான்காவது விழுந்ததும் தாளில் குறித்து வெள்ளத்துரையிடம் கொடுத்தனுப்பினார்.

துர்காதேவி தாளைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

“வியாழக்கிழமை கடையிலருந்து எப்பக் கிளம்புனீக?”

“ரெண்டு மணிக்கு மேடம்.”

“2.11-க்கு எங்க இருந்தீக?”

“பந்தல்குடி ரோட்டுல வந்துக்கிட்டு இருந்திருப்பேன்.”

“சங்கையா கிடந்த இடத்தை அன்னைக்கு எத்தனை தடவை தாண்டுனீக?”

“ஒரே தடவைதான். அப்பத்தான அவுகளைப் பாத்தேன்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு?”

துர்காதேவி தாளைத் திருப்பி, பக்கத்தில் லேப்டாப்பை வைத்தார். மழையைக் காட்டினார். டயர் நம்பர்களைக் காட்டினார். எடைமேடைச் சீட்டைக் காட்டினார். குரலை உயர்த்தவில்லை. அதற்கு அவரிடம் தெம்பும் இல்லை.

“ரெட்டியபட்டியிலருந்து பந்தல்குடிக்குப் போறப்ப 2.11-க்கு நீங்கதான் இடிச்சீக. சைக்கிளும் ஆளும் புதருக்குள்ள விழுந்ததால ரோட்டுல போன யாருக்கும் தெரியல. இம்மானுவேலுக்கும் தெரியல. நீங்க போயிட்டீக. ஆனா பம்பர் உடைஞ்சிருக்கு, விளக்கு உடைஞ்சிருக்கு. எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் கேப்பாக. அந்த உடைசலுக்கு ஒரு காரணம் வேணும். திரும்பி வந்து சைக்கிளை ரோட்டுல இழுத்துப் போட்டு அது மேல ஏத்துனீக. அவரையும் ஓரமா இழுத்துப் போட்டீக. அப்புறம் 108. சரிதானா?”

நவநீதகிருஷ்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசை மேல் வைத்தார்.

“கடையிலருந்து கிளம்புனேன்னது பொய். ரெட்டியபட்டியில விசேஷ வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தேன். போன்ல மெசேஜ் பாத்தேன் மேடம். ஒரு செகண்டு. கண்மாய்க் கரையில நிறுத்தி உக்காந்திருந்தேன். அந்த லாரி என்னைத் தாண்டிப் போச்சு. அப்பத்தான் இந்த யோசனை வந்துச்சு.”

“செத்துட்டாருன்னு நினைச்சீகளா?”

நவநீதகிருஷ்ணன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“இடிச்சதும் இறங்கிப் பாத்தீகளா?”

“பாத்தேன். கண்ணு முழிச்சிருந்தாரு.”

வெள்ளத்துரை எழுதுவதை நிறுத்திவிட்டார். துர்காதேவி அவரை ஒருமுறை பார்த்தார். அவர் மறுபடி எழுதத் தொடங்கினார்.

மறுநாள் மதியம் இம்மானுவேல் வெளியே வந்தான். துர்காதேவி மன்னிப்புக் கேட்டார். அவன் தலையை ஆட்டிவிட்டு, லாரி எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்டான்.

அங்கிருந்து நேராக அவர் சங்கையாவின் வீட்டுக்குப் போனார். மனைவி அழகுத்தாய் வாசலில் விறகு ஒடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் துர்காதேவி ஒன்றுவிடாமல் சொன்னார். கோர்ட்டில் வேறு வாயிலிருந்து கேட்பதைவிட இது மேல் என்று நினைத்தார்.

அழகுத்தாய் அழவில்லை. “எத்தனை மணிக்குன்னு சொன்னீக?”

“ரெண்டு பதினொண்ணு.”

“போன் பண்ணுனது?”

“ரெண்டு நாப்பத்தொன்பது.”

அவள் கையிலிருந்த சுள்ளியைக் கீழே வைத்தாள்.

“அந்நேரம் பூராம் நான் இங்கினதான் உக்காந்திருந்தேன். ஒரு வேலையும் இல்ல. சும்மாத்தான் இருந்தேன்.” சாலை இருந்த பக்கம் பார்த்தாள். “நடந்தாலே கால் மணி நேரந்தான் தாயி. ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடிப் போயிருப்பேனே.”

துர்காதேவி ஷூவைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.