ஓட்டுப் போட்டுத் தேர்ந்த உணர்வு

பூங்கோதை நீட்டிய தேர்தல் துண்டுத்தாளைச் சந்தைக்கு வந்த ஒரு பெண் வாங்கிக்கொண்டாள். கூட வந்த மகள் வாங்கவில்லை. ஆறாம் வகுப்புச் சீருடையில் இருந்த அந்தச் சிறுமி, பூங்கோதையைச் சுற்றிக்கொண்டு சந்தையின் மறுபக்கம் ஓடினாள். அங்கே ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் இடுப்பைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"உங்க பாடத்த நேத்துதான் உணர்ந்தோம், மிஸ்."

ஜெசிந்தா அவள் தலையைக் கோதினாள். காய்கறி வாங்க வந்தவர்கள் கூடைகளோடு நின்று பார்த்தார்கள். பூங்கோதையும் பார்த்தாள். தன் கையில் மிச்சமிருந்த தாள்களின் ஓரங்களைத் தட்டிச் சமமாக்கினாள். ஏற்கெனவே அவை சமமாகத்தான் இருந்தன.

உணர்பாடம் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆசிரியர் பதிவுமுடியைத் தலையில் அணிந்து பேசுவார். பிள்ளைகள் காதுக்குப் பின்னால் உணர்பட்டையை ஒட்டிக்கொண்டு கேட்பார்கள். சொற்கள் காதில் விழும். பேசியபோது ஆசிரியரின் மனத்தில் என்ன இருந்ததோ அது பிள்ளைகளின் நெஞ்சில் இறங்கும். கணக்குப் பாடத்தை யார் பதிந்தாலும் யாரும் கவலைப்படவில்லை. பருவநிலைப் பாடத்தில்தான் சண்டை வந்தது. அதை முதலில் பதிந்த விஞ்ஞானியின் அச்சத்தைத் தூத்துக்குடிப் பிள்ளைகள் முழுதாக வாங்கிக்கொண்டு, கடற்கரைத் தெருவில் நடக்கவே மறுத்தார்கள். பெற்றோர் திரண்டார்கள். பிள்ளைகள் எதைப் படிக்க வேண்டும் என்று அதிகாரிகள் முடிவு செய்யட்டும், எதை உணர வேண்டும் என்று நாங்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறோம் என்றார்கள்.

அதிலிருந்து, மாவட்டக் கல்வி அவைக்குத் தலைவராக வருபவர்தான் அந்தப் பாடத்தைப் பதிய வேண்டும். ஒரே அமர்வு. திருத்தம் கிடையாது. ஐந்து ஆண்டுகளுக்கு மாற்றவும் முடியாது. பதினான்கு வயதுக்கு மேல் உணர்பட்டை வேலை செய்யாது என்பதால், பதிவில் என்ன இருக்கிறது என்று எந்தப் பெரியவருக்கும் தெரியாது. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன முறை ஜெசிந்தா வென்றாள். அவளுடைய பாடம் துக்கம். அவள் அப்பா சங்கு குளித்தவர். ஏழு வயதில் அவரோடு கடலுக்குள் போய், உயிரோடு இருந்த பவளத்தைக் கண்ணால் பார்த்தவள் அவள். பதிவில் பவளம் என்று அவள் சொல்லும்போதெல்லாம் மாவட்டத்தில் ஏதோ ஒரு வகுப்பில் பிள்ளைகள் விம்முவார்கள்.

பூங்கோதையும் அவளும் ஒரே விடுதி அறையில் தங்கிப் படித்தவர்கள். ஒரே பள்ளியில் புவியியல் ஆசிரியைகளாகச் சேர்ந்தவர்கள். கடல்மட்ட அறிக்கைகளை வரிவரியாகப் படித்தது பூங்கோதை. அவளுடைய குறிப்புகளை வாங்கிப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனது ஜெசிந்தா. பிள்ளைகள் யாரைச் சூழ்ந்துகொண்டார்கள் என்பதை மட்டும் பூங்கோதை முப்பது ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்தாள். அதை அவள் பொறாமை என்று நினைத்ததில்லை. நியாயம் என்று நினைத்தாள்.

வேட்பாளர் விவாதம் அரசுப் பள்ளி மைதானத்தில் நடந்தது.

"அழுற பிள்ள அழுது முடிச்சதும் தூங்கிரும்," என்றாள் பூங்கோதை. "பயப்படுற பிள்ள ஒளிஞ்சுக்கிடும். நம்ம பிள்ளைங்களுக்குத் தேவை தெளிவு. என்ன நடந்துச்சு, யாரு செஞ்சா, இனி என்ன செய்யணும். நான் நிதானத்தத்தான் பதிவேன்."

கைத்தட்டல் பலமாக இருந்தது. அவள் சொன்னது உண்மையும்கூட. ஜெசிந்தாவின் பாடம் கேட்ட பிள்ளைகள் ஐந்து ஆண்டுகளில் கண்ணீரைத் தவிர எதையும் சிந்தவில்லை.

ஜெசிந்தா ஒலிபெருக்கியைப் பிடித்துச் சிரித்தாள். "பூவு சொல்லுதது சரிதான். விடுதியில நான் அழுதாக்கூட, மணி என்ன ஆச்சுன்னு பாத்துச் சொல்லுவா. அவளுக்கு நிதானம் ஜாஸ்தி." கூட்டம் சிரித்தது. பூங்கோதையும் பல் தெரியச் சிரித்தாள். தன்னைப் பற்றிய பேச்சில்கூடச் சிரிப்பு ஜெசிந்தாவுக்கே போய்ச் சேருகிறதே என்று உள்ளே எரிந்தது.

மூவாயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் பூங்கோதை வென்றாள்.

மறுநாள் ஜெசிந்தா ஒரு பெட்டி மக்ரூனோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். பூங்கோதை அவள் முகத்தில் தோல்வியைத் தேடினாள். கண்ணோரத்தில், உதட்டில், குரலில் எங்காவது ஒரு கீறல் இருக்கும் என்று பார்த்தாள். எதுவும் இல்லை.

"ஏளா, நிம்மதியா இருக்கு," என்றாள் ஜெசிந்தா. "அஞ்சு வருஷமா ஊருப் பிள்ளைங்கள அழ வெச்சிருக்கேன். நீயாச்சும் நல்லா பதி."

அவள் போன பிறகும் அந்தப் பெட்டி மேசைமேல் இருந்தது. தோற்றவளிடமிருந்து பறிப்பதற்கு ஒன்றுமே இல்லை என்றால், வென்றது எதை?

பதிவு நாளன்று ஒரு வழக்கம் உண்டு. பழைய தலைவர்தான் புதியவரின் தலையில் பதிவுமுடியை வைக்க வேண்டும். பதிவுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ரஹ்மத்து, கம்பிகளைச் சரிபார்த்துவிட்டு, "வைங்கக்கா," என்றாள். ஜெசிந்தா பூங்கோதையின் கூந்தலை ஒதுக்கி, நெற்றியில் பதிவுமுடியை இறக்கினாள்.

"பயப்படாத. நான் எங்கப்பாகூடப் பவளம் பாத்தத நினைச்சுக்கிட்டேன். நீயும் அது மாதிரி ஒண்ண நினைச்சுக்கோ."

அது மாதிரி ஒன்று. பூங்கோதையின் அப்பா உப்பளத்து அலுவலகத்தில் பேரேடு எழுதியவர். அவர் அவளைக் கடலுக்குக் கூட்டிப்போனதில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. பூங்கோதை பேசத் தொடங்கினாள்.

சொற்கள் அவள் எழுதி வைத்தபடியே வந்தன. மார்கழியில் போர்வை தேவைப்பட்டது. ஐப்பசி மழையில் பிள்ளைகள் நனைந்துகொண்டு பள்ளிக்குப் போனார்கள். கடலடியில் பவளம் வளர்ந்தது. குரல் நடுங்கவே இல்லை. ஆனால் கண்ணாடிக்கு அப்பால் கைகளைக் கட்டி நின்று, ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தாவையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தாள், நான் பார்க்கவில்லை. அவளுக்குக் கிடைத்தது, எனக்கில்லை. நாற்பது நிமிடமும் மனத்தில் அதுதான் ஓடியது. பதிவு முடிந்தபோது நிதானமாகப் பேசிவிட்டதாக அவளுக்கு நிறைவாக இருந்தது.

ஜூன் மாதம், முந்நூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளில் ஒரே நேரத்தில் பாடம் தொடங்கியது. பூங்கோதை துறைமுகச் சாலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பின் முன்னால் நின்றாள். நாற்பது நிமிடம் கழித்துப் பிள்ளைகள் கண்ணைத் திறந்தார்கள். ஒருவரும் அழவில்லை. ஒருவரும் நடுங்கவில்லை. அவளுக்குள் ஏதோ நிமிர்ந்தது.

முன்வரிசையில் யாழிசை என்ற சிறுமி எழுந்தாள். "மிஸ், நீங்க நெசமாவே போர்வை போத்திக்கிட்டுப் படுத்தீங்களா?"

"ஆமாம்மா."

"எத்தன வருஷம்?"

"ஒரு பத்து வருஷம் இருக்கும்."

பத்து வருஷம் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக இருக்கையை விட்டு வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மழையில் நனைந்தால் தோல் அரிக்காதா? வெயிலில் உச்சிப்பொழுதில் விளையாடுவீர்களா? மீனை அப்படியே சோதிக்காமல் தின்றீர்களா? அவள் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வாழ்க்கையில் முதன்முறையாகப் பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உங்க வீட்டுல ஏசி இருக்கா, மிஸ்?" என்றாள் யாழிசை.

"இருக்கு."

"எத்தன?"

"மூணு."

"இப்பவும் ஓடுதா?"

பூங்கோதை தயங்கினாள். "ஓடுது."

யாழிசை அவளை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள். செருப்பு, சேலை, கைக்கடிகாரம். பிறகு மெல்லச் சொன்னாள்: "அப்ப, எங்க பங்கையும் சேத்து இன்னும் எடுத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க."

மணி அடித்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை. வாசலில், பூங்கோதையின் காருக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். ஆசிரியர்கள் கெஞ்சினார்கள். நீங்கள் எல்லாவற்றையும் நிறுத்தும்வரை நாங்கள் எழ மாட்டோம் என்று ஒருவன் சொன்னான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. மிகவும் நிதானமாக இருந்தது.

பூங்கோதை காருக்குள் ஏறிக்கொண்டபோது கைப்பேசி அழைத்தது. ஜெசிந்தா.

"எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தானாம்ளா. யாரும் வீட்டுக்குப் போவலையாம். துறைமுகத்து வாசல்ல, மின்வாரியத்துல, எல்லாத்துலயும் உக்காந்திருக்காங்க. நான் அழ வெச்சு ஒண்ணும் நடக்கல. நீ என்னத்தப் பதிஞ்ச?"

"நிதானத்தத்தான்."



"என் தங்கச்சி மகளும் ஆறாவதுதான். பள்ளிக்கூடத்துலருந்து நேரா இங்க வந்தா. பாடம் எப்படின்னு கேட்டேன். என்னயே பாத்துக்கிட்டு நிக்கா. இந்தப் பார்வைய எங்கயோ பாத்திருக்கமேன்னு யோசிச்சேன் பூவு." ஜெசிந்தாவின் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அலுப்புத்தான் இருந்தது. "முப்பது வருஷமா நீ என்னப் பாக்குத பார்வ அது."

பூங்கோதைக்குக் காது சுட்டது. தெரிந்திருக்கிறது. விடுதி அறையிலிருந்தே இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் மக்ரூன் கொண்டுவந்தாள், தெரிந்தேதான் கூந்தலை ஒதுக்கிவிட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் இது என்று அவளுக்குப் புரிந்தது. கண்ணாடிக்கு வெளியே அறுபது பிள்ளைகள் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் தங்கச்சி மக உன்கிட்ட என்ன கேட்டா?" என்றாள்.

"பவளம் பாத்தீங்களான்னு கேட்டா. பாத்தேன்னேன். அதுலருந்துதான் இப்படி நிக்கா."

என்னிடம் எந்தப் பிள்ளையும் பவளத்தைப் பற்றிக் கேட்கவில்லையே என்று பூங்கோதை நினைத்தாள்.