டிரம்முக்குள் சோப்பு வந்த வழி

வாலுவுக்குக் காலையிலிருந்தே சாப்பாடு இறங்கவில்லை. பள்ளியின் பசுமைக் குழுவில் அவளும் ஒருத்தி. குழு இன்று சோதிக்கப் போவது அவளுடைய சித்தியின் சோப்புக் கடையை! தேறினால் வாசலில் மாட்டப் 'பசுமைக் கடை' என்ற பலகை கிடைக்கும். சித்தி அதற்காக ஆணிகூட அடித்து வைத்துவிட்டார்.

குழுவிலிருந்து கூட வந்தவன், எல்லோரும் 'கண்ணாடி' என்று கூப்பிடும் வகுப்புத் தோழன்.

கடையில், பின்னறை வாசலை ஒட்டி, ஒரு பெரிய எவர்சில்வர் டிரம் இருந்தது. வீட்டிலிருந்து பழைய பாட்டிலைக் கொண்டுபோனால், சித்தி குழாயைத் திறந்து திரவ சோப்பைப் பிடித்துத் தருவார்.

"சூப்பர்! பலகையைக் கொடுத்துடலாமா?" என்றான் கண்ணாடி.

"இருடா. சித்தி, டிரம்முக்குள்ள சோப்பு எப்படி வருது?"

"வா, காட்டுறேன்!"

பின்னறையில் கால் வைக்க இடமில்லை. கூரை வரை காலி பிளாஸ்டிக் பாட்டில்கள்! சித்தி ஒரு புது பாட்டிலைத் திறந்து டிரம்முக்குள் கவிழ்த்துக் காட்டினார்.

"தினமும் இப்படித்தான் ஊத்துறேன். கையே கழண்டுபோகுது! ஆனா, வாங்குறவங்களுக்குப் புது பாட்டிலே தேவையில்ல பாரு!"

கண்ணாடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வாலுவுக்கோ அழுகை முட்டியது. சித்தி யாரையும் ஏமாற்றவில்லை. நல்லது செய்வதாகவே நம்புகிறார். அவரிடம் இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் பலகை பொய்யாகிவிடுமே!

"சித்தி... பாட்டில் குறையவே இல்லையே. எல்லாம் இங்க வந்து குவிஞ்சிருக்கு."

சித்தி அறையைச் சுற்றிப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது. "அட, என் மரமண்டையே! அப்போ பலகை?"

"இன்னைக்குத் தர முடியாது சித்தி." வாலு டிரம்மைத் தட்டிக் காட்டினாள். "சோப்பு செய்யுறவர்கிட்ட டிரம்மையே நிரப்பித் தரச் சொன்னா என்ன?"

"எனக்குக் கேட்கவே தோணலையேடி!"

சித்தி உடனே போன் போட்டார். பேசப் பேச முகம் மலர்ந்தது.

"தாராளமா நிரப்பித் தருவாராம். காலி பாட்டிலையும் திருப்பி எடுத்துக்குவாராம். 'இந்தம்மா ஏன் பாட்டில் பாட்டிலா வாங்குது'ன்னு அவரே மண்டையைப் பிச்சுக்கிட்டு இருந்தாராம்!"

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த வாரம் வாலுவும் கண்ணாடியும் பலகையோடு வந்தார்கள். பின்னறை காலியாக இருந்தது. சித்தி பலகையை ஆசையாகத் தடவிப் பார்த்தார். ஆனால் மாட்டவில்லை.

"ஏன் சித்தி?"

"அவசரப்படாதே. அந்த சோப்புக்காரருக்குச் சரக்கெல்லாம் எதுல வருதுன்னு பார்க்க வேணாமா? செருப்பை மாட்டு, போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்!"

வாலு அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள்.