குழாய்க்குள் ஏறாத உருண்டை

தேஜஸ்வினி எதையும் விசாரிக்காமல் வாயில் போடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் யாராவது மிட்டாய் நீட்டினால் பொட்டலத்தைத் திருப்பி, பின்னால் இருக்கும் பொடி எழுத்துகளை எல்லாம் படித்துவிட்டுத்தான் கை நீட்டுவாள். அவள் வீட்டில் எல்லோரும் சைவம். மாட்டெலும்பு, தோலில் இருந்து எடுக்கும் ஜெலட்டின் என்ற சொல் கண்ணில் பட்டால் மிட்டாய் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

அதனால்தான் சிட்னியின் வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எல்லோரும் பபிள் டீ உறிஞ்சும்போது அவள் மட்டும் தண்ணீர் போத்தலோடு நிற்பாள். கோப்பையின் அடியில் கிடக்கும் கறுப்பு உருண்டைகளை எலும்பில் செய்கிறார்கள் என்று வகுப்புத் தோழன் அனுஷன் சொல்லியிருந்தான். அனுஷன் சொல்வதில் பாதி கதை. எந்தப் பாதி என்பதுதான் யாருக்கும் தெரியாது. கடையில் நின்ற அக்காவைக் கேட்டால், மூட்டையில் வருகிறது, என்ன சேர்க்கிறார்களோ தெரியாது என்றார்.

திங்கட்கிழமை தேஜஸ்வினியின் குடும்பம் மெல்பேர்னுக்கு, டார்னெய்ட் பக்கம் குடிபோகிறது. அதற்குள் ஒரு தடவையாவது இருவரும் சேர்ந்து பபிள் டீ குடித்துவிட வேண்டும் என்று அவள் தோழி மிருணாளினி தவியாய்த் தவித்தாள்.

யோசித்து யோசித்துக் கடைசியில் சொன்னாள்: "கடை உருண்டையில என்ன இருக்கெண்டு தெரியாட்டி விடு. நாங்களே செய்தால் எங்களுக்குத் தெரியும்தானே?"

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் மிருணாளினி வீட்டுக் குசினிக்குள் புகுந்தார்கள். மேசையில் மரவள்ளிக்கிழங்கு மாவு, பனங்கட்டி, தேயிலை, பால். தேஜஸ்வினி மாவுப் பையின் பொடி எழுத்துகளை இரண்டு முறை படித்தாள். கிழங்கைத் தவிர வேறொன்றும் இல்லை. மிருணாளினியின் அப்பா அரியரத்தினம் கதிரையில் அமர்ந்து வெங்காயம் உரித்தார். அவர் இல்லாமல் அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

ரொட்டிக்குக் குழைப்பதுபோல மாவில் பச்சைத் தண்ணீரை விட்டார்கள். அங்கேதான் அதிசயம் தொடங்கியது. கையில் எடுத்து இறுக்கினால் மாவு கல்லாகியது. கையை விரித்தால் பாலாக ஒழுகியது. தேஜஸ்வினி வாய் பிளந்து நின்றாள்.

"மிரு, இது என்னடி பண்ணுது?"

மிருணாளினிக்கும் தெரியவில்லை. இருவரும் இறுக்கினார்கள், விட்டார்கள், மறுபடி இறுக்கினார்கள். சுவர்க் கடிகாரம் நாலரையைக் காட்டியபோதுதான் திக்கென்றது. ஐந்தரை மணிக்குத் தேஜஸ்வினியின் அம்மா காரோடு வந்துவிடுவார். பாதி மாவு தீர்ந்துவிட்டது. ஓர் உருண்டைகூடப் பிடிக்க முடியவில்லை. மிருணாளினிக்கு அழுகை முட்டியது.

மீதி மாவைப் பார்த்தபடி நின்றவளுக்கு, அப்பா இரவில் இடியப்பத்துக்கு மாக் குழைப்பது நினைவுக்கு வந்தது. அப்பா அந்த மாவில் முதலில் கை வைப்பதே இல்லை. ஆவி பறக்கும் தண்ணீரை ஊற்றி, அகப்பைக் காம்பால்தான் கிண்டுவார்.

"அப்பா, இடியப்ப மாவுக்கு ஏன் கொதிதண்ணி விடுறனீங்கள்?"

"அப்பதான் மா ஒட்டும் பிள்ளை. இல்லாட்டி புழியேக்க அறுந்து போகும்."

"அப்ப இதுக்கும் அதுதான்!"

அப்பா வெங்காயத்தை வைத்துவிட்டு எழுந்து பனங்கட்டியைத் தண்ணீரில் காய்ச்சினார். கொதிக்கும் பனங்கட்டிப் பாகை அவர் ஊற்ற, மிருணாளினி காம்பால் கிண்டினாள். மாவு அடம்பிடிக்காமல் ஒன்று சேர்ந்தது. சூடு ஆறியதும் இருவரும் கடலை அளவில் உருட்டி உருட்டி அடுக்கினார்கள். அப்பா அவற்றைக் கொதிநீரில் போட்டார்.

உருண்டைகள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. பிறகு ஒவ்வொன்றாய் எழும்பி மேலே வந்தன. சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலாக இருந்தவை கொதிக்கக் கொதிக்கப் பழுப்புக் கண்ணாடிபோல் மினுங்கின. தேஜஸ்வினி ஒன்றைக் கரண்டியில் எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். வெயில் அதற்குள்ளே புகுந்து மறுபக்கம் வந்தது.

"வெறும் கிழங்குதானே மிரு," என்றாள் மெதுவாக. "இதுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

மிருணாளினியும் அந்த வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோப்பையில் உருண்டை, பால் தேநீர், ஐஸ். தேஜஸ்வினி அகலமான குழாயை வைத்து உறிஞ்சினாள். கன்னம் இரண்டும் ஒட்டிப் போனதே தவிர ஒன்றும் மேலே வரவில்லை. வெந்து ஊதிய உருண்டை குழாயின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. அப்பா சிரித்த சிரிப்பில் கதிரையே ஆடியது. பிறகு மூன்று கரண்டிகள் வந்தன.

வாசலில் கார் வந்து நின்றபோது இருவர் வாயிலும் உருண்டைகள். போய்வருகிறேன் என்று சொல்ல முடியாமல் தேஜஸ்வினி கையை மட்டும் ஆட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனாலும் மெல்லுவதை நிறுத்தவில்லை.

அடுத்த சனிக்கிழமை டார்னெய்ட்டிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. தேஜஸ்வினி ஒரு கோப்பையைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்தத் தடவை மிளகு சைஸ்ல உருட்டினேன்."

"நானும்," என்றாள் மிருணாளினி, தன் கோப்பையைத் தூக்கி.

இருவரும் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி உறிஞ்சினார்கள். சிட்னியிலும் மெல்பேர்னிலும் ஒரே நேரத்தில் உருண்டை குழாய்க்குள் 'டொக்' என்று ஏறியது.