நேற்றைய கப்பலில் ஒரு பம்பர்!

வசந்தகுமாரியின் காதிலிருந்த ப்ளூடூத் அலறியது.

அப்போது அவள் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள்.

தீவின் மின்னி பே கடலோரத்தில் ஃபைபர் படகு ரிப்பேர் செய்யும் ஷெட் அவளுடையது. சுற்றிலும் படகுகளுக்கு முட்டுக்கொடுக்கும் கட்டைகள். இன்று வந்திருந்ததோ கார். இருபது வருடப் பழைய, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்!

உடைந்த முன் பம்பரைக் கழற்றியாயிற்று. புது ஃபைபர் பம்பரைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார் சொந்தக்காரர் சிவபிரகாஷ். மெயின்லேண்டிலிருந்து வந்து நாலே மாதம் ஆன கான்ட்ராக்டர்.

"அக்கா, எஸ்.ஐ. ஷோபனா பேசறேன். டெய்ரி ஃபார்ம் சரிவுல அடிபட்டாரே, கிளார்க் சந்திரசேகர்... காலைல இறந்துட்டார்!"

"அரே ராம்..."

"அடிச்சது சிவப்பு வண்டி. அவரோட மஞ்சள் ரெயின்கோட்டுல ஒரு துண்டைக் காணோம். யாராவது பம்பர் வேலைக்கு வந்தா சொல்லுங்க. நான் உங்க ஏரியா பக்கம்தான் வந்துட்டிருக்கேன்."

வசந்தகுமாரி மேலே பார்த்தாள்.

மூக்குக்கு நேர் மேலே, பம்பரைத் தாங்கும் இரும்புப் பட்டை.

அதில் சிக்கியிருந்தது... மஞ்சளாய் ஒரு துண்டு!



"யாரும்மா போன்ல?"

சிவபிரகாஷின் ஷூ, ஜாக்கிக்குப் பக்கத்தில். ஒரு உதை போதும்... மொத்தக் காரும் அவள் நெஞ்சில்!

"போட்டுக்காரங்க சார்! பம்பரை விட்டுடாதீங்க. இரும்புன்னா வளையும். ஃபைபர் விரிசல் விட்டுடும். ரெண்டு கையாலயும் ஆடாம பிடிங்க!"

ஷோபனாவிடம் எப்படிச் சொல்வது? உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தால், அடுத்த வார்த்தைக்கு வாய் இருக்காது!

"மேடம், உங்க போட்டு நாளைக்குத்தான். இங்க ஒரு சார் வண்டிக்கு பம்பர் மாட்டிட்டிருக்கேன். நேத்து கப்பல்ல வந்த பம்பர்."

"நேத்தா? புயல்னு ஒன்பது நாளா கப்பலே இல்லியேக்கா! ஊருக்கே தெரி..."

ஷோபனா சட்டென்று நிறுத்தினாள்.

"அக்கா... வண்டி சிவப்பா?"

"ஹாங் மேடம்."

"கட் பண்ணாதீங்க. அஞ்சே நிமிஷம்!"

ஐந்து நிமிடம்! வலது கை ஸ்பேனரைச் சும்மா திருகியது. இடது கை பக்கவாட்டில் எதையோ துழாவியது.

சிவபிரகாஷ் மெல்லக் கனைத்தார்.

"பம்பர் ஃப்ளைட்ல வந்துச்சுன்னுதானே சொன்னேன்... ஏன் கப்பல்னீங்க?"

ஐயோ! இதை அவள் யோசிக்கவே இல்லை.

"வாய் தவறி... சார்..."

அவர் குனிந்தார். அவர் பார்வை மஞ்சள் துண்டில் போய் நின்றது.

"பாத்துட்டீங்க இல்ல? மழைல நடுரோட்ல நின்னான்மா அந்த ஆளு. இறங்கிப் பார்த்தேன். உயிர் இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினா நான் மாட்டுவேன்... விட்டுட்டு வந்துட்டேன். இப்ப நீங்க!"

பம்பர் தரையில் விழுந்து பிளந்தது.

ஷூ உயர்ந்தது.

"சார், வேணாம்...!"

உதைத்தான்!

மடேர்!

கார் இறங்கியது. அடியிலிருந்து சத்தமே இல்லை. சிவபிரகாஷ் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

வாசலில் ஜீப்! ஷோபனா குதித்து ஓடி வந்தாள்.

"மேடம்! ஜாக்கி வழுக்கிடுச்சு! பாவம், அந்தம்மா..."

"அந்தம்மாவுக்கு ஒண்ணுமில்ல!"

குரல் காருக்கு அடியிலிருந்து வந்தது.

அவள் இடது கை இழுத்துச் செருகியிருந்த படகுக் கட்டையின் மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது கார். அதற்கும் வசந்தகுமாரியின் மூக்குக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி!

"உங்க கதை முழுக்க என் காதுலயும் விழுந்துச்சு சார்," என்றாள் ஷோபனா, செல்போனை ஆட்டிக் காட்டி. மறு கையில் விலங்கு.

கிரீஸ் முகத்தோடு ஊர்ந்து வெளியே வந்தாள் வசந்தகுமாரி. விலங்கைக் கண்ணால் காட்டினாள்.

"ரெண்டு கையையும் ஆடாம பிடிங்க சார்... இது இரும்பு. விரிசலே விடாது!"